உங்களுக்கு அண்ணன்மார் எத்தனை பேர்?

பண்பாட்டு மானிடவியல் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, முப்பது ஆண்டுகள் அந்தப் பாடத்தை நடத்தி ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.

பிளஸ் டூ மாணவி, தேனி: மானிடவியல் என்றதும் எலும்புக்கூடுதான் நினைவுக்கு வருகிறது. பண்பாட்டு மானிடவியல் என்றால் அதில் எதைப் படிப்பார்கள்?

எலும்பும் உண்டு, மகளே. மனித உடலின் வரலாற்றைப் படிப்பவர்கள் எலும்பைப் பார்க்கிறார்கள். மண்ணுக்குள் கிடைப்பதைத் தொல்லியலார் பார்க்கிறார்கள். மொழியைப் பார்ப்பவர்கள் தனி. பண்பாட்டு மானிடவியல் பார்ப்பது உயிரோடு இருக்கிற மனிதர்களை. யாரை யார் கட்டிக்கொள்ளலாம், செத்தவரைப் புதைப்பதா எரிப்பதா, கொடுத்த கடனை எப்போது கேட்கலாம், மழை பொய்த்தால் யார் மேல் பழி விழுகிறது என்பதெல்லாம் எங்கள் பாடம்.

1871இல் எட்வர்டு டைலர் என்ற ஆங்கிலேயர் பண்பாடு என்பதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் என்று ஒரு சமூகத்தில் பிறந்து வளர்ந்ததால் மனிதனுக்கு வந்து சேர்ந்தது எல்லாமே பண்பாடு என்றார். பரதநாட்டியமும் பட்டுப்புடவையும் மட்டும் பண்பாடு இல்லை என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்.

இன்று ராத்திரி உன் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார் என்று பார். ஏன் அவர் கடைசி என்று கேள். 'அது எப்பவும் அப்படித்தான்' என்று பதில் வந்தால், நீ சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாய்.

ஓய்வுபெற்ற தபால்காரர், ராணிப்பேட்டை: அமெரிக்கச் செவ்விந்தியர்களும் நம்மைப் போலவே சித்தப்பா, பெரியப்பா, மாமா என்று உறவு வைத்திருப்பதாகவும், அதனால் அவர்கள் தமிழ் வம்சம் என்றும் வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

முதல் பாதி பெருமளவு உண்மை. இரண்டாம் பாதி தப்பு. ஆனால் நீங்கள் ராணிப்பேட்டையிலிருந்து இதைக் கேட்டிருப்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. காரணம் சொல்கிறேன்.

நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் லூயிஸ் ஹென்றி மார்கன் என்று ஒரு வக்கீல் இருந்தார். அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான செனகா மக்களோடு அவருக்கு நெருங்கிய பழக்கம். ஈலி பார்க்கர் என்ற செனகா இளைஞர் அவருக்குத் துணையாக இருந்து தன் மக்களின் வழக்கங்களை விளக்கினார். செனகாக்களிடம் ஓநாய், கரடி, ஆமை, மான், பருந்து என்று எட்டுக் குலங்கள். பிள்ளை தாயின் குலத்தைச் சேரும். மார்கனையே பருந்துக் குலத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

அவர்கள் உறவினரைக் கூப்பிடும் விதம் மார்கனுக்கு விசித்திரமாகப் பட்டது. தகப்பன் 'ஹாநி', தகப்பனின் சகோதரனும் 'ஹாநி'. தாய் 'நோயெ', தாயின் சகோதரியும் 'நோயெ'. ஆனால் தாயின் சகோதரன் 'ஹொக்நோசெ', தகப்பனின் சகோதரி 'அகாஹுக்' என்று வேறு சொற்கள். சித்தப்பாவும் மாமாவும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தானே? அந்த மொழியில் வளர்ந்தவருக்கு இது புதிர். நமக்கு இதில் என்ன புதிர்? பெரியப்பா, சித்தப்பா இரண்டிலும் அப்பா இருக்கிறார். பெரியம்மா, சின்னம்மா இரண்டிலும் அம்மா இருக்கிறார். மாமாவும் அத்தையும் அந்தப் பக்கம் நிற்கிறார்கள்.

இந்த ஏற்பாடு வேறு எங்கும் இருக்கிறதா என்று மார்கன் தேட ஆரம்பித்தார். 1859இல், ஆற்காடு மிஷனில் ஊழியம் செய்த ஸ்கடர் என்ற மிஷனரி அமெரிக்காவில் இருப்பதாகத் தெரிந்து, அவரிடம் தமிழர் எப்படி உறவு சொல்கிறார்கள் என்று விசாரித்தார். உங்கள் பக்கத்து ஆற்காடுதான். வேலூர் மிஷன் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரும் அதே குடும்பம். கிடைத்த பதிலைப் பார்த்து மார்கன் திகைத்துப்போனார். கடல் தாண்டி உலகத்தின் மறுபக்கத்தில் அதே கணக்கு! பிறகு இருநூறுக்கு மேற்பட்ட உறவுகளைக் கேட்கும் ஒரு படிவத்தை அச்சடித்து உலகெங்கும் மிஷனரிகளுக்கும் தூதர்களுக்கும் அனுப்பினார். திரும்பி வந்த அட்டவணைகள் 1871இல் பெரிய நூலாக வந்தன. உறவுமுறை ஆய்வு என்ற துறைக்கு அங்கேதான் அடித்தளம். அந்த அடித்தளத்தில் பெரியப்பாவும் அத்தையும் இருக்கிறார்கள் என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

மார்கன் தவறியது அடுத்த அடியில். உறவு ஏற்பாடு ஒன்றானால் வம்சமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினார். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு வந்ததும் கிட்டத்தட்ட அதுதான். அமெரிக்கப் பூர்வகுடிகளின் முன்னோர் ஆசியாவின் வடகிழக்கு முனையிலிருந்து போனவர்கள் என்பது வேறு சான்றுகளால் உறுதியானது. அது தமிழ் என்ற மொழி உருவாவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கதை. தகப்பனையும் அவன் சகோதரனையும் ஓர் அணியாகவும், தாயின் சகோதரனை எதிர் அணியாகவும் வைக்கும் வழக்கம் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல சமூகங்களில் தானாகவே தோன்றியிருக்கிறது. உற்றுப் பார்த்தால் வேறுபாடும் தெரியும். செனகாக்கள் மாமன் மகளைக் கட்டுவதில்லை. நம்மிடம் மாமா என்றாலே மாமனார் என்றும் பொருள், அத்தை என்றாலே மாமியார். கல்யாணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

கூடவே ஒன்றை யோசித்துப் பாருங்கள். பெரியப்பா மகளும் மாமன் மகளும் ஓர் ஆணுக்கு ரத்தத்தில் ஒரே தூரம். ஒருத்தி தங்கை, இன்னொருத்தி முறைப்பெண். கங்கைச் சமவெளியில் பெரும்பாலான இந்துக் குடும்பங்களில் இருவருமே தங்கைகள். மாமன் மகளைக் கட்டுவது என்று நாம் சொன்னால் முகம் சுளிப்பார்கள். அரபு நாடுகள் பலவற்றில் தகப்பனின் சகோதரர் மகளைக் கட்டுவதுதான் சிறப்பு. அதைக் கேட்டால் நாம் முகம் சுளிக்கிறோம். ரத்தம் எங்கும் ஒன்றுதான், கோடு மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது. அந்தக் கோட்டை யார் எங்கே போடுகிறார்கள், போட்டதால் நிலமும் நகையும் யார் வீட்டுக்குப் போகின்றன என்று தேடுவதுதான் எங்கள் வேலை. (நெருங்கிய ரத்த உறவில் கட்டினால் சில பரம்பரை நோய்களின் வாய்ப்பு கூடும் என்பது மருத்துவ விஷயம். அதை மருத்துவரிடம் கேளுங்கள், தள்ளிவிடாதீர்கள்.)

பத்திரிகை நிருபர், நாகப்பட்டினம்: நாங்களும் ஊருக்குப் போகிறோம், பேட்டி எடுக்கிறோம். உங்கள் 'களப்பணி' அதிலிருந்து எப்படி வேறு?

நீங்கள் போய்த் திரும்புகிறீர்கள். நாங்கள் தங்கிவிடுகிறோம். குறைந்தது ஓராண்டு, ஊரின் நல்ல காலம் கெட்ட காலம் எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்க்கும் வரை.

இதை ஒரு முறையாக ஆக்கியவர் போலந்துக்காரரான மாலினோவ்ஸ்கி. 1914இல் போர் வெடித்தபோது ஆஸ்திரேலியாவில் இருந்தார். நியூகினிக்குக் கிழக்கே டிரோபிரியண்ட் தீவுகளுக்குப் போய், 1915க்கும் 1918க்கும் நடுவில் இரண்டு தவணையாகத் தங்கினார். ஊர் நடுவில் கூடாரம் போட்டார், அவர்கள் மொழியைக் கற்றார். அங்கே 'குலா' என்று ஒரு வழக்கம். சிவப்புச் சிப்பி மாலைகள் தீவு தீவாகக் கடிகாரச் சுற்றில் போகின்றன. வெள்ளைச் சங்கு வளைகள் எதிர்ச் சுற்றில் வருகின்றன. உயிரைப் பணயம் வைத்துக் கடல் தாண்டிப் போய் வாங்கிய மாலையை யாரும் வைத்துக்கொள்வதில்லை. சில காலம் வைத்திருந்து அடுத்த தீவுக் கூட்டாளிக்குக் கொடுத்துவிட வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் பைத்தியக்காரத்தனம். உள்ளேயிருந்து பார்த்தவருக்கு, அந்த மாலையோடு பேரும் நட்பும் அடைக்கலமும் கடல் தாண்டுவது தெரிந்தது. நம் வீட்டு மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அத்தனை காலம் தங்கிய மாலினோவ்ஸ்கியும் ஒன்றைக் கோட்டை விட்டார். 1971இல் அதே தீவுகளுக்கு அனெட் வெய்னர் என்ற பெண் ஆய்வாளர் போனார். ஒரு சாவு வீட்டில் பெண்கள் காய்ந்த வாழையிலைக் கட்டுகளைக் குவித்துக் கொடுத்து வாங்குவதைப் பார்த்தார். அது பெண்களின் செல்வம். இறந்தவருக்கான கடனைத் தீர்ப்பதே அந்தக் கட்டுகள்தான், ஆண்களின் சொத்துக் கணக்கே அதோடு பிணைந்து கிடந்தது. மாலினோவ்ஸ்கி அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் இறந்த பிறகு 1967இல் வெளியான நாட்குறிப்பில், தீவு மக்கள் மேல் அவருக்கு இருந்த எரிச்சலும் இளக்காரமும் அப்பட்டமாகத் தெரிந்தன. படித்தபோது எனக்கு வலித்தது. ஆனாலும் மாணவர்களிடம் அதை நான் ஒருபோதும் மறைத்ததில்லை.

என் கதையும் ஒன்று. 1984இல் கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் வாடகைக்கு ஓர் அறை எடுத்துத் தங்கினேன். கையில் அச்சடித்த படிவக் கட்டு. 'உடன்பிறந்தோர்' என்ற தலைப்பின் கீழே ஐந்து கோடுகள். முதல் வாரம் ஒரு மீன்கார ஆயாவிடம் போய், "ஆயா, உங்களுக்கு அண்ணன் எத்தனை பேர்?" என்றேன். கூடையில் காரப்பொடி மீனை அள்ளிப் போட்டுக்கொண்டே "ஏழு" என்றார்.

"தம்பி?"

"நாலு."

"கூடப்பொறந்தவங்க மட்டும் சொல்லுங்க ஆயா."

"அவங்களத்தான் பாப்பா சொல்றேன். வேற யாரச் சொல்லுவேன்?"

ஐந்து கோட்டில் பதினொரு பேர் அடங்கவில்லை. ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் எத்தனை என்று பிரித்துக் கேட்டபோது அவர் முகம் மாறியது. மூத்தவர் மட்டும்தான் அவர் தாய் பெற்றவர். மற்றவர்கள் பெரியப்பா, சித்தப்பா, சின்னம்மா பிள்ளைகள். "எங்க அப்பன் கடல்ல போனப்புறம் எனக்குச் சோறு போட்டது சின்னண்ணந்தான். அவனப் போயி அண்ணன் இல்லங்கிறியா?" என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை. படிவம் சொல்லிற்று, அதை நீட்டிக்கொண்டு நின்றவள் நான். நானும் பெரியப்பா மகனை அண்ணன் என்று கூப்பிட்டு வளர்ந்தவள்தான். காகிதம் கையில் ஏறியதும் அது எப்படி மறந்தது என்று அன்று ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

இன்னொரு தப்பும் அதே படிவத்தில் செய்தேன். 'குடும்ப வருமானம்' என்ற கட்டத்தில் எல்லா வீட்டுக்கும் ஆணின் கடல் வருமானத்தை மட்டும் எழுதினேன். கட்டுமரத்தில் போகிறவர்கள் அவர்கள்தானே? நாலாவது மாதம், அந்த ஆயாவுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து மீனைக் கூறு கட்டப் பழகிய பிறகுதான் பெண்களின் பேச்சு காதில் விழத் தொடங்கியது. யார் வலைக்கு யார் பணம் போட்டது, எந்த வீட்டு மரத்துக்கு எந்தப் பெண் கடன் கொடுத்தது என்ற கணக்கு முழுவதும் அந்தக் கூடைகளைச் சுற்றித்தான் ஓடியது. கேட்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. நிருபருக்கு அந்த நான்கு மாதத்தை யாரும் கொடுப்பதில்லை. வித்தியாசம் அதுதான், திறமையில் இல்லை.

வழக்கறிஞர், மதுரை: எந்தப் பண்பாட்டையும் அதன் கண்ணால்தான் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் தீண்டாமையும் குழந்தை மணமும்கூட 'அவர்கள் வழக்கம்' என்று விட்டுவிட வேண்டுமா?

இல்லை. புரிந்துகொள்வது வேறு, ஒப்புக்கொள்வது வேறு.

தீர்ப்பைத் தள்ளிவைக்கும் பழக்கம் எதை எதிர்த்து வந்தது என்று தெரிந்தால் இந்த ஐயம் தீரும். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னால் மனிதர்களை அளவுகோலால் தரம் பிரித்தார்கள். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ரிஸ்லி, மூக்கின் அகலத்துக்கும் சாதியின் படிநிலைக்கும் முடிச்சுப் போட்டார். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனும் அளவு கருவியோடு மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளைச் சாதிப் பெருமை பேச இன்றும் சிலர் புரட்டுகிறார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் ஃபிரான்ஸ் போவாஸ் வேறு வேலை செய்தார். குடியேறிகளும் அவர்கள் பிள்ளைகளுமாக ஏறத்தாழ 18,000 பேரை அளந்து, அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளின் தலை வடிவம் பெற்றோருடையதிலிருந்து மாறுவதை 1911இல் காட்டினார். எதை மாறாத இன அடையாளம் என்றார்களோ அதுவே ஒரு தலைமுறையில் மாறுகிறது! 'உயர்ந்த பண்பாடு, தாழ்ந்த பண்பாடு' என்ற ஏணியைத் தூக்கிப் போடுங்கள் என்று போவாஸ் சொன்னதற்கு இந்தப் பின்னணி உண்டு. ஏணியைத் தூக்கிப் போடச் சொன்னவரை, கொடுமையைக் கண்டுகொள்ளாதே என்று சொன்னவராக்கக் கூடாது.

நம் மாகாணத்திலேயே பாருங்கள். குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் இங்கே வந்தது. பிறப்பாலேயே திருடர் என்று சில சமூகங்கள் மேல் முத்திரை குத்தப்பட்டது, ஆண்கள் இரவில் கைநாட்டு வைத்துக் காவலில் கிடந்தார்கள். 1920இல் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்த பிறமலைக் கள்ளர் மேல் துப்பாக்கிச் சூடு. நீங்கள் மதுரைக்காரர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரசு அங்கே குற்றவாளிகளை மட்டும் பார்த்தது. அந்தச் சட்டம் போன பிறகு 1949இல் லூயி துய்மோன் என்ற பிரெஞ்சுக்காரர் அதே பிறமலைக் கள்ளர் நடுவில் வந்து தங்கி, அவர்களின் தாய்மாமன் சீரையும் குலதெய்வத்தையும் நுணுக்கமாக எழுதி 1957இல் நூலாக்கினார். அவருடைய சாதிக் கோட்பாட்டில் எனக்கு உடன்பாடில்லை, மேலே நின்று கீழே பார்க்கிற கோட்பாடு அது. ஆனால் முத்திரை குத்துவதற்கும் உட்கார்ந்து கேட்பதற்கும் உள்ள தூரம் அந்த நூலில் தெரியும்.

இனி உங்கள் கேள்வியின் மையம். 'இது எங்கள் ஊர் வழக்கம், எல்லோருக்கும் சம்மதம்' என்று ஒருவர் சொன்னால், சொல்வது யார் என்று பாருங்கள். ஊர் என்பது ஒரே வாய் இல்லை. எம்.என். சீனிவாஸ் 1948இல் மைசூர்ப் பக்கத்து ராம்புராவில் தங்கி ஆய்வு செய்தார். தான் பார்த்தது பெரும்பாலும் மேல்சாதியினர் பார்வையில் தெரிந்த ஊர்தான் என்று பின்னாளில் அவரே எழுதினார். அந்த நேர்மைக்காக அவர் மேல் எனக்கு மதிப்பு உண்டு. தீண்டாமையை அதன் கண்ணால் பார்ப்பது என்றால், தேநீர்க்கடையில் தனி டம்ளர் வைத்தவரிடம் மட்டும் கேட்பதில்லை. அந்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனவரிடமும் கேட்பது. அவர் சொல்வதைக் கேட்ட பிறகும் 'அது அவர்கள் வழக்கம்' என்று எழுதுகிறவர் முழுதாகக் கேட்கவில்லை.

பட்டதாரி, விழுப்புரம்: இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

பொறியியல் போலக் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார்கள். மத்திய அரசின் இந்திய மானிடவியல் ஆய்வகம் 1945 முதல் இயங்குகிறது, தலைமையகம் கொல்கத்தா. அருங்காட்சியகம், பழங்குடி நலம், பொதுச் சுகாதாரத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றில் இடமுண்டு. குடிமைப்பணித் தேர்வில் விருப்பப் பாடமாகப் பலர் எடுக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் துறை இருக்கிறது. தமிழிலேயே தொடங்க நினைத்தால் பக்தவத்சல பாரதியின் 'பண்பாட்டு மானிடவியல்' நூலை எடுங்கள்.

இல்லத்தரசி, பட்டுக்கோட்டை: என் மாமியாருக்கு 84 வயது. சொந்தபந்தம் அத்தனையும் அவர் மனதில் இருக்கிறது. அதை எழுதி வைக்க ஆசை. எப்படி ஆரம்பிப்பது?

இந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நாளைக்கே ஆரம்பியுங்கள்.

ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1901இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடம் செய்ததை நீங்கள் அப்படியே செய்யலாம். அவர் 'உறவு சொல்லுங்கள்' என்று தொடங்கவில்லை. பெற்ற தகப்பன், பெற்ற தாய், கணவன், மனைவி, பிள்ளை ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு பெயர்களைக் கேட்டார். முதலில் பெயர்களின் மரம் வந்தது. பிறகு ஒவ்வொரு பெயரையும் காட்டி, 'இவரை நீங்கள் எப்படிக் கூப்பிடுவீர்கள், அவர் உங்களை எப்படிக் கூப்பிடுவார்' என்று கேட்டார். என் ஐந்து கோட்டுப் படிவத்தில் இல்லாதது அந்த இரண்டாவது கேள்விதான்.

நீளமான காகிதம் எடுங்கள். நாள்காட்டியின் பின்பக்கம் போதும். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு நடுவில் இரட்டைக்கோடு, பிள்ளைகளுக்குக் கீழே கோடு. இறந்தவர் மேல் சாய்கோடு ஒன்று இழுத்துவிடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், நிறைய அழிக்க வேண்டிவரும். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். வெற்றிலை மடிக்கும் நேரம், கீரை ஆயும் நேரம் மாதிரி கை வேலையாக இருக்கும்போது கேட்டால் நன்றாக வரும். முக்கோணமும் வட்டமும் எலும்பு மாதிரி. அந்தக் கல்யாணத்துக்கு எத்தனை மாட்டுவண்டி போனது, ஏன் இந்த வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றது என்று நடுவில் அவர் சொல்லும் கதைகளை ஓரத்தில் அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். திருத்தமான தமிழாக மாற்ற வேண்டாம். 'இதை எழுதாதே' என்று அவர் சொல்லும் இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிடுங்கள்.

பிரதி எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள். சீனிவாஸ் ராம்புராக் குறிப்புகளை ஒழுங்குபடுத்தி மூன்று பிரதி வைத்திருந்தார். மூன்றும் ஒரே இடத்தில் இருந்ததால் 1970இல் ஸ்டான்ஃபோர்டில் வைக்கப்பட்ட தீயில் மூன்றும் போயின. ஊரை நினைவிலிருந்தே எழுத வேண்டியதாயிற்று.

ஓர் இடத்தில் நீங்கள் கண்டிப்பாக முட்டிக்கொண்டு நிற்பீர்கள். தோடர்கள் இறந்த உறவினரின் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். அதனால் ஒரு குடும்பத்தின் பெயர்களை ரிவர்ஸ் மற்ற குடும்பத்தாரிடம் கேட்டு வாங்கினார். உங்கள் மாமியார் தன் மாமனார் பெயரையும் கணவர் பெயரையும் சொல்ல மாட்டார், இல்லையா? சாடை காட்டுவார், சாமி பெயரைச் சொல்லி 'அதுதான்' என்பார். வற்புறுத்த வேண்டாம். அவருடைய நாத்தனார் யாராவது இருந்தால் ஒருநாள் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். அண்ணன் பெயரைச் சொல்ல அவருக்குத் தடையில்லை.